செல்லின் சட்டகமும் சமிக்ஞை நொதிகளும்

செல்லுக்கு உருவம் தரும் சட்டகம் புரத இழைகளால் ஆனது. அந்த இழைகள் ஒருமுறை கட்டப்பட்டபின் அப்படியே நிலைத்து நிற்பவை அல்ல. அவை இடைவிடாமல் நீள்கின்றன, அறுபடுகின்றன, மீண்டும் கட்டப்படுகின்றன. எந்த இழை நிலைக்கும், எது கலையும் என்பதில் சமிக்ஞை நொதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றுள் முக்கியமானவை கைனேஸ்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, இலக்குப் புரதத்தின் குறிப்பிட்ட அமினோ அமிலத்தில் பொருத்துவது கைனேஸின் வேலை. அதை நீக்குவது பாஸ்பட்டேஸின் வேலை.

சட்டகத்தின் இழை வகைகளில் ஒன்றான, சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழையை எடுத்துக்கொள்வோம். 166 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட கோஃபிலின் என்ற சிறு புரதம், இழையின் பழைய பகுதிகளில் ஒட்டிக்கொண்டு அதைத் துண்டிக்கிறது. கோஃபிலினின் மூன்றாவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் லிம் கைனேஸ் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்திவிட்டால், கோஃபிலினால் ஆக்டினைப் பற்ற முடிவதில்லை. இழை தப்பிப் பிழைக்கிறது. ஸ்லிங்ஷாட் என்ற பாஸ்பட்டேஸ் அந்தப் பாஸ்பேட்டை நீக்கியதும் துண்டிப்பு மறுபடி தொடங்குகிறது. முழுச் சட்டகத்தின் போக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தின் நிலையைப் பொறுத்து மாறுவது, எத்தனை முறை படித்தாலும் வியப்பூட்டும் செய்தி.

லிம் கைனேஸைத் தூண்டும் நொதிகளில் ஒன்று ராக். ராக்கைத் தூண்டுவது ரோ என்ற புரதம். ரோவைச் செலுத்திய செல்களில் ஆக்டின் இழைகள் தடித்த கற்றைகளாகத் திரள்வதை ஆய்வாளர்கள் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் 1992-இல் காட்டினர். ராக் நொதி, ஆக்டின் இழைகளை இழுக்கும் மயோசின் என்ற புரதத்தின் இழுவிசையையும் கூட்டுவதால், அந்தக் கற்றைகள் விறைப்பாக நிற்கின்றன.

இதுவரை சொன்னதில் நொதி ஆணையிட, சட்டகம் கீழ்ப்படிவதுபோலத் தோன்றும். ஆனால் சட்டகமும் நொதியின் செயலை மாற்றுகிறது என்பதே இத்துறையின் மிகச் சுவையான பகுதி. செல் தன் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் இடங்களில் பி130காஸ் என்ற புரதம் உள்ளது. அதன் நடுப்பகுதியில் டைரோசின் என்ற அமினோ அமிலம் கொண்ட ஒரே மாதிரியான அமைப்பு 15 முறை வருகிறது. இழுவிசை இல்லாதபோது அந்த டைரோசின்கள் எளிதில் எட்டாதபடி மடிந்திருக்கின்றன. புரதம் இழுபட்டு நீளும்போது அவை வெளிப்பட, சார்க் கைனேஸ் அவற்றில் பாஸ்பேட்டுகளைப் பொருத்துகிறது. 2006-இல் வெளியான ஆய்வொன்றில் இப்புரதப் பகுதியைச் செல்லுக்கு வெளியே இழுத்துப் பார்த்தபோது, சார்க்கின் செயல்திறன் கூடாமலேயே பாஸ்பேட் ஏற்றம் அதிகரித்தது. இயந்திர விசை வேதிச் செய்தியாக மாறும் வழிகளில் இது ஒன்று.

மருத்துவமும் இந்த உறவைப் பயன்படுத்திக்கொண்டுள்ளது. கண்ணழுத்தம் கூடும்போது, கண்ணின் வடிகால் திசுவிலுள்ள செல்களின் ஆக்டின் கற்றைகளைத் தளர்த்தினால் திரவம் எளிதாக வெளியேறும். ராக் நொதியைத் தடுக்கும் ரிபாசுடில் சொட்டு மருந்துக்கு ஜப்பான் 2014-இலும், நெடார்சுடில் சொட்டு மருந்துக்கு அமெரிக்கா 2017-இலும் ஒப்புதல் அளித்தன.