குவிஸ், வினாடி வினா, அறிவினா

‘குவிஸ்’ என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் கேள்வி கேட்பார், எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் கேட்பவர் கையிலுள்ள அட்டையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். தமிழில் இதற்கு ‘வினாடி வினா’ என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் நாளெல்லாம் கேள்விகளை எதிர்கொண்டே பிழைக்கும் அரசியல்வாதிகள், தொலைக்காட்சியில் இந்தப் போட்டிக்கு வந்து உட்கார்ந்ததும் ஏன் இப்படித் தடுமாறுகிறார்கள் என்று யோசித்தால், இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் ஒரு நிகழ்வு. பிரிட்டனில் பிபிசி 1972இல் தொடங்கிய ‘மாஸ்டர்மைண்ட்’ நிகழ்ச்சியில் ஒரு கறுப்பு நாற்காலி, அதன்மேல் விழும் வெளிச்சம், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம், இவ்வளவுதான். அதை உருவாக்கிய பில் ரைட் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். அங்கே தான் பட்ட விசாரணைதான் அந்த நாற்காலிக்கு மூலம். இந்த நிகழ்ச்சியின் பிரபலங்களுக்கான பதிப்பில் டேவிட் லாமி கலந்துகொண்டார். ஹார்வர்டில் சட்டம் படித்தவர், அப்போது தொழிற்கட்சி அரசில் அமைச்சர். அவர் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டது குத்துச்சண்டை வீரர் முகமது அலி. பொது அறிவுச் சுற்று வந்தது.

1903இல் கதிரியக்க ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மேரி, பியேர் தம்பதியின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். ‘ஆன்டனெட்’ என்றார் லாமி. எட்டாம் ஹென்றி இறந்தபோது ஒன்பது வயதில் இங்கிலாந்தின் அரியணை ஏறியது யார்? ‘ஏழாம் ஹென்றி.’ பிற்காலத்தில் சிறையாகவும் பயன்பட்ட பாரிஸ் கோட்டை எது? ‘வெர்சாய்.’ 2003இல் ‘ரோஜாப் புரட்சி’ நடந்த நாடு? ‘யூகோஸ்லாவியா.’ சரியான விடைகள் முறையே கியூரி, ஆறாம் எட்வர்டு, பஸ்தீல், ஜார்ஜியா. 2024இல் அவர் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆனபோது இந்தப் பழைய காட்சி மறுபடியும் உலகம் சுற்றியது. ஜார்ஜியாவை யூகோஸ்லாவியா என்றவரா வெளியுறவைப் பார்க்கப் போகிறார் என்று கேட்டார்கள்.

இந்தப் பதில்களைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். ஒன்றுகூட வெறும் உளறல் இல்லை. ‘மேரி’ என்ற பெயரும் பிரான்ஸும் சேர்ந்து காதில் விழுந்ததும் பிரெஞ்சு அரசி மேரி ஆன்டனெட் நினைவுக்கு வந்துவிட்டார். எட்டு என்றதும் பக்கத்து எண் ஏழு வந்தது. மகனுக்குப் பிறகு தந்தை எப்படி முடிசூட முடியும் என்று யோசிக்க அவகாசம் இல்லை. பாரிஸ், பழைய கட்டடம், அரசர் காலம் என்றதும் வெர்சாய். தேடிய பெயர் கிடைக்காதபோது அதற்குப் பக்கத்தில் இருக்கும், அடிக்கடி புழங்கும் பெயர் முந்திக்கொண்டு வந்து வழியை அடைத்துவிடுகிறது. நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். கடிகாரம் ஓடும்போது மனிதர்கள் இந்தப் பக்கத்து வீட்டுப் பெயரையே பிடித்துக்கொள்கிறார்கள். கல்லாமை இதற்குக் காரணமில்லை, அவசரம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இனி ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். ‘குவிஸ்’ முதலில் கேள்வியையோ தேர்வையோ குறிக்கவில்லை. 1780களில் அது எழுத்தில் தலைகாட்டும்போது ‘விசித்திரமான ஆள், கோமாளித்தனமான தோற்றம் கொண்டவர்’ என்பதே அதன் பொருள். விரைவிலேயே அது வினைச்சொல்லாகி ‘கேலி செய்தல், ஒருவரை ஏளனமாக உற்றுப் பார்த்தல்’ என்ற பொருளைப் பெற்றது. அக்காலத்துச் சீமான்கள் கைப்பிடி வைத்த ஒற்றைக்கண் ஆடி ஒன்றை வைத்திருந்தார்கள். எதிரில் இருப்பவரை மேலும் கீழும் அளக்கும் அந்த ஆடிக்கும் இந்தச் சொல்லிலிருந்தே பெயர் அமைந்தது. கேள்வி கேட்டு மாணவரைச் சோதிக்கும் பொருள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவியது. அப்புறம் வானொலி வந்தது. 1936இல் ‘புரொபசர் குவிஸ்’ என்ற பெயரிலேயே அங்கே ஒரு நிகழ்ச்சி தொடங்கி, சொல் போட்டிக்கு உரியதாக நிலைத்தது.

இந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. டப்ளின் நாடக அரங்க நிர்வாகி ரிச்சர்ட் டேலி, ஒரே நாளில் ஒரு புதுச்சொல்லை ஊர் வாயில் புழங்க வைக்கிறேன் என்று 1791இல் பந்தயம் கட்டி, ஊர்ச் சுவர்களெங்கும் அதை எழுதவைத்தாராம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒத்துவராது. அந்த ஆண்டுக்கு முன்பே சொல் அச்சில் வந்துவிட்டது. இலத்தீன் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படும் ‘குவி எஸ்?’ (நீ யார்?) என்ற கேள்வியிலிருந்து வந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. மூலம் எதுவென்று அகராதிகள் அறுதியிட்டுச் சொல்வதில்லை. உறுதியானது ஒன்று: கேலிப்பொருள் முந்தியது, கேள்விப்பொருள் பிந்தியது. அமைச்சர் திணறுவதைப் பார்க்க மக்கள் கூடுவதில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தமிழ் இந்தப் போட்டிக்குப் பெயர் வைத்தபோது கேலியைத் தொடவில்லை. வினா என்பது ‘வினவு’ என்ற நம் வினையோடு சேர்ந்த சொல். வினாடி வடமொழியிலிருந்து வந்தது. ‘விநாடி’ என்று ந போட்டு எழுதுவதே மூலத்துக்கு நெருக்கம். ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் 60இல் ஒரு பங்கு விநாடி. ஆகவே பழைய கணக்கில் ஒரு விநாடி நம் கடிகாரத்தின் 24 நொடிகள். லாமிக்கு அந்தப் பழைய விநாடி கிடைத்திருந்தால் கியூரி நினைவுக்கு வந்திருப்பார். இன்று அந்த அளவு சுருங்கி நொடிக்கு ஈடாகிவிட்டது. மூலம் எப்படியிருந்தாலும் மக்கள் ‘வினாடி’ என்று றன்னகரம் இட்டே எழுதுகிறார்கள். அதில் ‘வினா’வின் ஓசை இரண்டு முறை ஒலிப்பதால் பெயர் நாவில் ஒட்டிக்கொண்டது. மேடையிலும் அழைப்பிதழிலும் அப்படியே எழுதலாம், பிழையென்று திருத்த வேண்டியதில்லை.

‘வினாவிடை’ என்பதையும் சிலர் ஈடாகச் சொல்வார்கள். அதற்கு வேறு மரபு இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எழுதிய ‘சைவ வினாவிடை’யில் கேள்வியும் அடுத்த வரியிலேயே பதிலும் இருக்கும். படித்து மனத்தில் இருத்துவதற்கான வடிவம் அது. யாரையும் மடக்குவதற்கில்லை. ‘வினாவிடைப் போட்டி’ என்று நீட்டினால் பொருந்தும். ‘புதிர்ப் போட்டி’ பொருந்தாது. புதிருக்கு விடை அதன் சொற்களுக்குள்ளேயே மறைந்திருக்கும், யோசித்தால் அவிழும். எட்டாம் ஹென்றிக்குப் பின் வந்தவர் யார் என்பதை எவ்வளவு யோசித்தாலும் அவிழ்க்க முடியாது. தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் போட்டியில் கேட்கப்படும் கேள்வி எந்த வகை என்பதற்குத் தமிழ் இலக்கணத்தில் கச்சிதமான பெயர் ஏற்கெனவே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரிக்கிறார். விடை தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று கேட்பது ஐய வினா. இப்படிப் போகும் வரிசையில் முதலாவது அறிவினா. விடை தனக்குத் தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்பது. பள்ளியில் ஆசிரியர் கேட்பதும் கறுப்பு நாற்காலியில் கேட்கப்படுவதும் இதுதான்.

அடுத்ததாக விடையை எட்டாகப் பிரிக்கிறது நன்னூல். சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் கேட்டதற்கு நேராகச் சொல்லும் விடைகள். மற்ற ஐந்தும் சுற்றி வருபவை. பள்ளிப் பாடத்தில் படித்தது நினைவிருக்கும். ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘நீயே ஆடு’ என்பது ஏவல் விடை. ‘ஆடாமல் இருப்பேனா?’ என்பது வினா எதிர் வினாதல். ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல், ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல், ‘பாடுவேன்’ என்பது இனமொழி. இந்த ஐந்தும் அன்றாடப் பேச்சில் செல்லும், ஏனென்றால் குறிப்பாகவேனும் பதில் புரிந்துவிடுகிறது.

அரசியல்வாதியின் பயிற்சி முழுவதும் இந்த ஐந்தில்தான். விலைவாசி ஏன் ஏறியது என்று கேட்டால், போன ஆட்சியில் ஏறவில்லையா என்பார். சாலை எப்போது வரும் என்றால், பாலம் கட்டினோமே என்பார். நாடாளுமன்றத்திலும் நிலைமை அவருக்குச் சாதகம்தான். மக்களவையில் ஒரு கேள்வியைப் பட்டியலில் சேர்க்கக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்குள் துறை அதிகாரிகள் கோப்பைப் புரட்டிப் பதிலைத் தயாரித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். 15 நாள் அவகாசத்துக்கும் சுற்றுவழி விடைகளுக்கும் பழகிய ஒருவரை, நேர்விடை மட்டுமே செல்லுபடியாகும் இடத்தில், சில நொடிகளில் பதில் சொல் என்று உட்காரவைத்தால் என்ன ஆகும்? அவருடைய திறமை எதுவும் அங்கே எடுபடாது.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் மாட்டிக்கொண்டதில் இதை அப்படியே பார்க்கலாம். 1999 நவம்பர். டெக்சாஸ் ஆளுநராக இருந்தபடி அதிபர் தேர்தலுக்கு நின்றார். பாஸ்டன் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆண்டி ஹில்லர் முன்னறிவிப்பில்லாமல் நான்கு தலைவர்களின் பெயர்களைக் கேட்டார்: செச்சன்யா, தைவான், பாகிஸ்தான், இந்தியா. செச்சன்யாவுக்கு, ‘இல்லை, உங்களால் முடியுமா?’ என்று திருப்பிக் கேட்டார் புஷ். தைவானுக்கு ‘லீ’ என்றார், அது சரி. பாகிஸ்தானில் முஷாரப் ஆட்சியைப் பிடித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அந்தத் தளபதி நாட்டுக்கு நிலைத்தன்மை கொண்டுவருவார் போலிருக்கிறது, அது துணைக்கண்டத்துக்கு நல்ல செய்தி என்று பேசினார். பெயர் மட்டும் வரவில்லை. ‘ஜெனரல்’ என்றதோடு நின்றது. இந்தியப் பிரதமர் வாஜ்பாயின் பெயரும் வரவில்லை. பிறகு, ‘மெக்சிகோவின் வெளியுறவு அமைச்சர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று செய்தியாளரையே கேட்டார். நான் அதிபர் பதவிக்குப் போட்டியிடவில்லையே என்றார் ஹில்லர்.

திருப்பிக் கேட்டது வினா எதிர் வினாதல். நிலைத்தன்மை வரும் என்றது உறுவது கூறல். மேடைப் பேட்டியில் இரண்டும் பாராட்டுப் பெற்றிருக்கும். அறிவினாவுக்கு முன்னால் அவை பதில்களே இல்லை.

அறிவிப்பில்லாமல் வரும் இந்த வகையை ஆங்கிலத்தில் ‘பாப் குவிஸ்’ என்பார்கள். இதையும் வினாடி வினா என்று சொல்வது சரியில்லை. போட்டி என்று தெரிந்து ஒப்புக்கொண்டு வந்து உட்காருவதுதான் வினாடி வினா. இது ‘திடீர்ச் சோதனை’. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்த லாமிக்கும் பேட்டிக்கு நடுவே திடீரென்று சோதிக்கப்பட்ட புஷ்ஷுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

ஆனால் திடீர்ச் சோதனையிலும் நியாயமானது உண்டு. 2006இல் அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கப் பிரதிநிதி லின் வெஸ்ட்மோர்லண்ட் சிக்கியது அப்படி. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை நாடாளுமன்ற அவைகளில் வைக்க வேண்டும் என்ற மசோதாவுக்கு அவர் துணை நின்றவர். அந்தக் கட்டளைகள் எவை என்று கோல்பேர் கேட்டார். ‘எல்லாவற்றையுமா?’ என்றார் அவர். கொலை செய்யாதே, பொய் சொல்லாதே, திருடாதே என்று மூன்று வந்தன. எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பாரிஸ் கோட்டையின் பெயரும் இங்கிலாந்து மன்னர் வரிசையும் ஒரு அமைச்சருக்குத் தெரியாமல் போனால் ஊர் குடிமுழுகிவிடாது. சட்டமாக்க நினைத்ததையே அறியாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் பார்த்து ஒரே மாதிரி சிரிப்பவர்கள் முதலாமவருக்கு அநியாயம் செய்கிறார்கள், இரண்டாமவரை எளிதாகத் தப்பவிடுகிறார்கள்.

இதே அளவுகோலில் வருவது பிரிட்டனின் வாய்ப்பாட்டுக் கதை. 1998இல் கல்வித்துறை அமைச்சர் ஸ்டீபன் பையர்ஸ் வானொலியில் கணக்கறிவை வளர்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஏழை எட்டால் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டார்கள். 54 என்றார். 2014இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னிடம் தொலைக்காட்சியில் ஒரு சிறுவன் அதே கேள்வியைக் கேட்டான். இப்படிப்பட்ட கணக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன் என்றார் அவர். முந்தையவர் நேர்விடை சொல்லித் தவறினார். பிந்தையவர் நாட்டின் கணக்கையே கையில் வைத்துக்கொண்டு விடையே தரவில்லை. எனக்கு 54 சொன்னவர் மேல்தான் மதிப்பு அதிகம்.

கேள்வி கேட்பவரை ‘குவிஸ் மாஸ்டர்’ என்கிறோம். ‘வினா தொடுப்பவர்’ என்றால் போதும், அம்பு தொடுப்பது போல வினாவைத் தொடுப்பது தமிழில் பழகிய வழக்கு. இந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களும் அரசியலுக்குப் போயிருக்கிறார்கள். 1967இல் கல்கத்தாவில் பொதுமக்களுக்கான முதல் குவிஸ் போட்டியை நடத்திய நீல் ஓ’பிரையன் பின்னாளில் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். தொலைக்காட்சியில் போர்ன்விட்டா போட்டியை நடத்திய அவர் மகன் டெரெக் ஓ’பிரையன் திரிணமூல் காங்கிரசின் மாநிலங்களவை உறுப்பினரானார். வினா தொடுத்துப் பழகியவர்கள் அவையில் அமைச்சர்களிடம் நேர்விடை கேட்பதற்கு அது நல்ல பயிற்சிதான்.