பட்ஜெட் என்ற தோல்பை

எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. மாநகராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்கும்போதெல்லாம் அதிகாரியிடமிருந்து ஒரே பதில்: "பட்ஜெட் இல்ல சார்." மூன்றாம் முறை கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது மூடியைவிட அந்தச் சொல்தான் எனக்கு அதிகம் உறுத்தியது. பட்ஜெட் எப்படி இல்லாமல் போகும்? ஆண்டுதோறும் மன்றத்தில் வைத்து, விவாதம் நடத்தி, நிறைவேற்றித்தானே வைத்திருக்கிறார்கள்? அவர் சொல்ல வந்தது வேறு. பட்ஜெட் இருக்கிறது, அதில் எங்கள் வடிகாலுக்கு ஒதுக்கீடு இல்லை.

இந்தச் சொல் நம் வாயில் புழங்கும் விதமே இப்படித்தான். "நம்ம பட்ஜெட்டுக்கு இது தாங்காது" என்று வீட்டில் சொன்னால் கையில் இருக்கும் காசின் எல்லை. "பட்ஜெட் போன்" என்றால் விலை மலிவு. "பெரிய பட்ஜெட் படம்" என்றால் போட்ட முதல். மாநகராட்சி மாமன்றத்தில் மட்டும்தான் அது வரும் ஆண்டின் வரவையும் செலவையும் முன்கூட்டிக் கணித்து எழுதிய திட்டம். சரியான தமிழ்ச் சொல் எது என்று கேட்டால் நான்கு பேர் நான்கு சொல் சொல்வதற்கு இதுவே காரணம்.

சொல்லின் பிறப்பு ஒரு பையில். தோல்பைக்கு லத்தீனில் 'புல்கா' என்று பெயர்; அதையும் லத்தீன்காரர்கள் இன்றைய பிரான்ஸ் பகுதியான 'கால்' (Gaul) நாட்டு மக்களிடமிருந்து வாங்கினார்கள் என்பார்கள். அது பழைய பிரெஞ்சில் 'பூஜ்' ஆகி, சிறிய பையைக் குறிக்க 'பூஜெத்' ஆகி, பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போதும் பொருள் பைதான். பணக் கணக்கோடு அது ஒட்டிக்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டில். 1733இல் பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்த ராபர்ட் வால்போல் கொண்டுவந்த கலால் வரித் திட்டத்தைக் கேலி செய்து, 'பை திறக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு துண்டு நூல் வெளிவந்தது. சந்தையில் பையைத் திறந்து சர்வரோக நிவாரணி விற்கும் போலி வைத்தியராக நிதியமைச்சரை அது காட்டியது. நையாண்டியாக வைத்த பெயரே நாளடைவில் அரசாங்கப் பெயராகிவிட்டது. பிறகு பிரெஞ்சுக்காரர்களே தங்கள் பழைய பையை ஆங்கிலேயரிடமிருந்து 'பட்ஜெட்' என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நம் ஒன்றிய நிதியமைச்சர் 2019இல் பெட்டியைக் கைவிட்டுச் சிவப்புத் துணிப்பொதியோடு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது மரபு மாறியது என்று எழுதினார்கள். சொல்லின் வேரைப் பார்த்தால், பெட்டிதான் இடையில் வந்தது. பையும் பொதியும்தான் பழசு.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு வழக்கு 'நிதிநிலை அறிக்கை'. இது பட்ஜெட் என்ற சொல்லின் மொழிபெயர்ப்பே அல்ல. இந்திய அரசமைப்பின் 112ஆம் பிரிவில் பட்ஜெட் என்ற சொல் கிடையாது. 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்ற பொருள்படும் தொடர்தான் இருக்கிறது. மாநிலங்களுக்கான 202ஆம் பிரிவிலும் அப்படியே. அதைத் தமிழாக்கி, ஆண்டை உதிர்த்துவிட்டு வைத்துக்கொண்டோம். சட்டத்துக்கு இது பொருந்தும். ஆனால் 'நிலை' என்றால் இப்போது இருக்கிற நிலை. ஒரு நிறுவனம் ஆண்டு முடிவில் வெளியிடும் கணக்கையும் நிதிநிலை அறிக்கை என்றுதான் எழுதுகிறோம். முடிந்துபோன கணக்குக்கும் இனிச் செய்யப்போகும் செலவுக்கும் ஒரே பெயர் என்றால் குழப்பம்தான். முடிந்த கணக்கின் இருப்புநிலைக்கு 'ஐந்தொகை' என்ற அருமையான சொல் இருக்கிறது. ஈழத்தமிழர் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள், நாம் விட்டுவிட்டோம்.

'வரவு செலவுத் திட்டம்' தமிழ்நாடு, இலங்கை என இரு கரையிலும் வழங்குவது. வரவு, செலவு, திட்டம் என மூன்றுமே பாட்டிக்கும் புரியும் சொற்கள். நீளம் மட்டும்தான் குறை. தலைப்பில் அடங்காது, 'வரவு செலவுத் திட்டத்தின் மீதான விவாதம்' என்று எழுதி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

நான்காவது சொல்தான் எனக்குப் பிடித்தது: பாதீடு. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் இது அன்றாடம் வரும். தமிழ்நாட்டு வாசகர் பலர் பாதி, ஈடு என்று பிரித்து, ஏதோ பாதித் தொகை என்று நினைப்பார்கள். அப்படியல்ல. பாது என்றால் பங்கு. பங்கிட்டு இடுவது பாதீடு. பகுத்தல் என்ற வேரில் கிளைத்த குடும்பம் இது. இரண்டாய்ப் பகுத்தால் பாதி. நிலத்தைப் பகுத்துக் கரை கட்டினால் பாத்தி. பகுத்து உண்பதைப் பாத்தூண் என்கிறது குறள்.

பாதீடு நேற்றுப் புனைந்த சொல்லும் அல்ல. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் பதினான்கு துறைகளில் ஒன்றின் பெயரே அது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து ஊருக்கு ஓட்டிவந்த மறவர், அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது பாதீடு. புறப்பொருள் வெண்பாமாலை இதை இன்னும் விரித்துக் காட்டுகிறது: அவரவர் செய்த வேலையை அறிந்து பங்கு கொடுக்க வேண்டும். வாளெடுத்துப் போரிட்டவருக்கு ஒரு பங்கு, ஒற்றறிந்து வந்து சொன்னவருக்கு ஒரு பங்கு, புள் நிமித்தம் பார்த்துச் சொன்னவருக்கும் ஒரு பங்கு. நிமித்தம் சொன்னவருக்கு எதற்குப் பங்கு என்று அன்றைக்கும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

கொள்ளைப் பொருளைப் பங்கிட்ட சொல்லை மக்கள் வரிப்பணத்துக்கு வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வைக்கலாம் என்பேன். சொத்துவரி, தொழில்வரி, மாநில நிதி ஆணையப் பகிர்வு என்று எந்த வழியில் வந்தாலும் மன்றத்தில் நடப்பது பங்கீடுதானே. தெருவிளக்கு மின்கட்டணம், துப்புரவுப் பணியாளர் சம்பளம் என்று வருவாய்ச் செலவுக்கு எவ்வளவு, பாலம், பள்ளிக் கட்டடம், புதிய வடிகால் என்று மூலதனச் செலவுக்கு எவ்வளவு, எந்த வார்டுக்கு முதலில் என்பதுதான் அங்கே சண்டை. மாமன்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று கத்துவது தங்கள் பாதுக்காக.

சென்னையில் முந்தைய மன்றத்தின் காலம் 2016இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதிகாரிகளே கணக்குப் போட்டு, அதிகாரிகளே ஒப்புதல் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு 'நிதிநிலை அறிக்கை' என்ற பெயர் கச்சிதம். பங்கு கேட்க ஆளில்லாத இடத்தில் அறிக்கை மட்டும்தான் இருக்கும், பாதீடு இருக்காது.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்குப் பல்லும் உண்டு. அங்கே மேயரை 'முதல்வர்' என்பார்கள். மாநகர சபையில் பாதீடு இரண்டு முறை தோற்றால் முதல்வர் பதவி விலகியதாகவே சட்டம் கருதும். 2020 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. முதல்வர் கொண்டுவந்த பாதீடு இருமுறை தோற்க, பதவி போனது. மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வேறொருவர் முதல்வரானார். சாலைக்கும் சந்தைக்கும் ஒதுக்கும் கணக்கு, நாற்காலிக் கணக்காகவும் ஆகிவிடுகிறது.

இதே பங்கீட்டை உத்தரமேரூர்ச் சபை வாரியங்களாகப் பிரித்துச் செய்தது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று தனித்தனியே உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் இடக்கூடாது என்பது விதி. வரப்போகும் செலவைவிட முடிந்த செலவின் கணக்கில்தான் அவர்கள் கறாராக இருந்திருக்கிறார்கள்.

எழுதுவோருக்கு என் பரிந்துரை: சட்டப்பிரிவைச் சுட்டும் இடத்தில் நிதிநிலை அறிக்கை. பொதுமக்களுக்கான விளக்கத்தில் வரவு செலவுத் திட்டம். தலைப்பிலும், சொற்களைச் சேர்த்து எழுதும் இடத்திலும் பாதீடு: பாதீட்டுக் கூட்டம், பாதீட்டு விவாதம், துணைப் பாதீடு. வரவைச் செலவு மிஞ்சினால் 'பற்றாக்குறை' என்று எழுதலாம். 'துண்டு விழுகிறது' என்ற பேச்சுவழக்கு அதைவிட உயிருள்ளது. ஒரு பணிக்கென்று எடுத்து வைத்த தொகை ஒதுக்கீடு. அதைப் பட்ஜெட் என்றும் பாதீடு என்றும் சொல்லக்கூடாது. பட்ஜெட் போனை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். அதைப் பாதீட்டுப் பேசி என்று மாற்றினால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்.