சுரைக்காய் கசந்தால் அது மருந்தல்ல

இந்தக் கோடையில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு நாள் காலை எட்டரை மணி. நான் வேலை பார்க்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு 68 வயதுப் பெரியவர் ஒருவரை ஆட்டோவிலிருந்து தூக்கி வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர். வேட்டியெல்லாம் வாந்தி. கை கால் சில்லென்றிருந்தது, பி.பி. 80க்கு மேல் ஏறவில்லை. வாந்தியில் காப்பித்தூள் கரைந்த மாதிரி கறுப்பாக ரத்தம். கூட வந்த மகன், "நேத்து ராத்திரி கல்யாண வீட்ல சாப்பிட்டார் டாக்டர், அதுதான் ஒத்துக்கல போல" என்றார். எனக்கு அது பொருந்தி வரவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் நடந்துவிட்டும் வந்த மனிதர், அரை மணி நேரத்தில் இப்படிச் சாய்ந்திருக்கிறார்.

"ஐயா, காலைல என்ன சாப்பிட்டீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஒண்ணுமே இல்ல அம்மிணி. சுரைக்காய் ஜூஸ் மட்டுந்தான். நம்ம மாடில காய்ச்சது, மருந்தே அடிக்கல."

"கசந்துச்சா?"

"நல்லாக் கசந்துச்சு. சக்கரைக்குக் கசப்பு நல்லதுதானுங்க? மூச்சப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சுட்டேன்."

முந்தைய இருவரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். மூவருக்குமே நாக்கு சரியாக வேலை செய்திருக்கிறது. துப்பு என்று சொல்லியிருக்கிறது. மூவரும் அதைக் கேட்கவில்லை.

கசப்பென்றால் மருந்து என்று நமக்குச் சின்ன வயதிலேயே ஊட்டி வளர்த்துவிட்டார்கள். வேப்பங்கொழுந்து, நிலவேம்புக் கசாயம், சுண்டைக்காய் வற்றல், பாகற்காய்ப் பொரியல். முகம் சுளித்துக்கொண்டே விழுங்கினால்தான் உடம்பில் ஒட்டும் என்று நம்புகிறோம். பாகற்காயைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பாகல் பிறவியிலேயே கசப்பு. அந்தக் கசப்போடுதான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் பார்த்து, ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். சுரைக்காயின் கதை வேறு. காட்டில் கிடந்த கசப்புச் சுரையிலிருந்து கசக்காத காயாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து, அதை நல்ல சுரையாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட காய் கசக்கிறது என்றால் அதில் கூடுதல் சத்து எதுவும் வந்துவிடவில்லை, பழைய நஞ்சு திரும்பி வந்திருக்கிறது. இரண்டும் ஒரே கசப்பு இல்லை. நாக்குக்கு வேண்டுமானால் ஒன்றுபோலத் தெரியலாம், இரைப்பைக்கு ஒன்றில்லை.

அந்த நஞ்சின் பெயர் குக்கர்பிட்டசின். சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்துக் கொடிகள் பூச்சியும் விலங்கும் தின்றுவிடாமலிருக்கத் தயாரிப்பது. நம் ஊரில் இதற்குப் பழைய பெயர்களே உண்டு: பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல். கசக்கும் காய்க்குப் 'பேய்' என்று பெயர் வைத்தவர்கள் காரணம் இல்லாமலா வைத்திருப்பார்கள்?

பெரியவருக்கு மறுநாள் எண்டோஸ்கோப்பி செய்தோம். இரைப்பையின் உட்சுவர் முழுக்கச் செக்கச் சிவந்து வீங்கியிருந்தது. அங்கங்கே மேல்தோல் உரிந்த புண், தொட்டால் ரத்தம் கசிகிறது. ஒரு டம்ளர் காய்கறிச் சாறு செய்த வேலை அது. இதற்கு மாற்றுமருந்து கிடையாது. சலைன், வாந்திக்கும் புண்ணுக்கும் ஊசி, பி.பி.யைத் தூக்கிப் பிடிப்பது, ஈரலையும் சிறுநீரகத்தையும் கண்காணிப்பது, அவ்வளவுதான் எங்களால் முடிவது. பெரும்பாலானவர்கள் சில நாளில் தேறிவிடுகிறார்கள். எல்லோரும் இல்லை. 2010இல் டெல்லியில் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாற்றைக் குடித்த ஒருவர் இறந்துபோனார். அவர் ஒரு விஞ்ஞானி. அதன்பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. சுரைக்காயைச் சாறு எடுக்கும் முன் ஒரு சின்னத் துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறியுங்கள், வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதீர்கள் என்று அந்தக் குழு சொன்னது. அது 2012இல் ஆய்விதழில் வெளிவந்தது. இன்றுவரை என்னிடம் வரும் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை.

கலக்காதீர்கள் என்பதற்குக் காரணம் எளிது. பாகற்காயோடு சேர்த்து அரைத்துவிட்டால் எது கசக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

"நாங்க ஜூஸெல்லாம் குடிக்கிறதில்லை, சமைச்சுத்தான் சாப்பிடுறோம்" என்று நிம்மதியாகிவிட வேண்டாம். வேகவைத்தால் இது போகாது. பச்சையாகக் குடிப்பவர் ஒரே மூச்சில் நிறையக் குடித்துவிடுகிறார், அதனால் ஜூஸ் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள், அவ்வளவுதான். 2015இல் ஜெர்மனியில் ஒரு முதியவர் இறந்தது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டுத்தான். அதுவும் இதே பூசணிக் குடும்பம். பிரான்சில் இரண்டு பெண்களுக்கு, கசந்த பூசணி வகையைச் சாப்பிட்டு வாந்தியெல்லாம் நின்ற பிறகு, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது 2018இல் மருத்துவ இதழில் வந்தது.

நம் பெரியவர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அதே காயின் மறுபாதியில் அவர் மனைவி கூட்டு வைத்திருக்கிறார். கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்ததும் கசந்திருக்கிறது. என்ன செய்தார்? ஒரு கட்டி வெல்லம் போட்டார். இன்னும் கசந்ததால் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினார். லீவுக்கு வந்திருந்த இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு மதியத்துக்கு என்று அதை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு வந்திருந்தார். வார்டு வாசலில் நின்று இதை அவர் சாதாரணமாகச் சொன்னபோது என் கை நடுங்கிவிட்டது. மருமகளுக்குப் போன் போட்டுச் சட்டியோடு கொட்டச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வெல்லம், புளி, தயிர், உப்பு எல்லாமே சுவையைத்தான் மறைக்கும். பாகற்காய்க்குச் செய்கிற மாதிரி உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து எடுத்தாலும் நம்பிச் சாப்பிட முடியாது. வெள்ளரிக்காயின் நுனியை வெட்டி நுரை வரும்வரை தேய்க்கிறோமே, அதில் தேய்ப்பதால் பயனில்லை. வெள்ளரியில் கசப்பு காம்புப் பக்கமும் தோலையொட்டியும் சேரும் என்பதால் வெட்டி எறிவதில்தான் பலன். நடுவிலும் கசந்தால் முழுதாக எறியுங்கள். சுரைக்காயில் இந்த வெட்டிப் பார்க்கிற சலுகையே வேண்டாம், ஒரு துண்டு கசந்தாலும் முழுக்காயும் குப்பைக்கு. மாட்டுக்கும் போடாதீர்கள்.

"பக்கத்துல பாகற்கொடி படர்ந்திருக்கு, அதோட சேர்ந்துதான் கசந்துடுச்சு" என்பதையும் அடிக்கடிக் கேட்கிறேன். பாகலும் சுரையும் வேறு வேறு இனம், ஒன்றின் மகரந்தம் மற்றதில் ஏறாது. ஏறுவது பேய்ச்சுரையின் மகரந்தம். சுரைப்பூ அந்தியில் மலர்வது, இரவுப் பூச்சிகள் எங்கிருந்து எதைக் கொண்டுவருகின்றன என்று நாம் பார்ப்பதில்லை. அப்படி ஏறினாலும் அந்தக் காய் கசக்காது, நன்றாகவே இருக்கும். அதை முற்றவிட்டு விதை எடுத்து அடுத்த வருடம் போடுகிறீர்கள் பாருங்கள், அந்தக் கொடியில்தான் கசப்பு வரும். போன வருடம் நன்றாகக் காய்த்த கொடியின் விதைதானே என்ற தைரியம் இங்கேதான் ஏமாற்றுகிறது. இதோடு கோடையும் சேர்ந்துகொள்ளும். மொட்டைமாடியில் பைக்குள் வளரும் கொடி, ஒரு நாள் தண்ணீர் விட்டும் மறுநாள் விடாமலும் வெயிலில் துவண்டு துவண்டு நிமிர்ந்தால், கசப்பு ஏறும்.

இதைப் படித்துவிட்டுச் சுரைக்காயை ஒதுக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சித்திரை வெயிலுக்கு இதைவிட வயிற்றுக்கு இதமான காய் கிடையாது. முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் சுரைக்காய்தான். பாசிப்பருப்பை மலர வேகவைத்து, பிஞ்சுச் சுரைக்காயைத் தோல் சீவிப் போட்டால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஒரு கைப்பிடித் தேங்காய், சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கடலெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் சோற்றுக்கு அதுவே போதும். பீர்க்கங்காய்த் தோலை வதக்கித் துவையல், வெள்ளரிக்காயைத் துருவித் தயிர்ப் பச்சடி. அடுப்படியில் வேர்த்து நிற்கிற வேலையே இல்லை.

ஆனால் கத்தி எடுத்ததும் முதல் வேலை இது: காம்புப் பக்கம் நகக்கண் அளவுக்கு ஒரு சீவல், நுனி நாக்கில் வைத்து மென்று பாருங்கள். விழுங்காதீர்கள். லேசாகக் கசந்தாலும் துப்பி, வாயைக் கொப்பளித்து, காயை எறியுங்கள். ஒவ்வொரு காய்க்கும் பாருங்கள், ஒரே கொடியில் நேற்றுப் பறித்தது நன்றாக இருந்தது என்று விடாதீர்கள். சளி, காய்ச்சலில் நாக்கு மரத்திருப்பவர் பார்க்க வேண்டாம், வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். என் அம்மா இதைச் செய்துவிட்டுத்தான் இன்றும் சுரைக்காயில் கை வைப்பார். மருத்துவம் படித்து அல்ல, அவருடைய அம்மா செய்ததைப் பார்த்து.

கசந்ததைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வயிற்றை முறுக்குகிறது, வாந்தி வருகிறது, தலை சுற்றுகிறது என்றால் வீட்டில் உட்கார்ந்து மோரும் இளநீரும் குடித்துப் பார்க்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், முக்கியமாகப் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள். மிச்சக் காயை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எங்கள் லேபில் இந்த நஞ்சைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை கிடையாது, நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். "சுரைக்காய், கசந்தது" என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். பணியில் இருக்கும் இளைய மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: கோடையில் காலை நேரத்து ரத்த வாந்தி வந்தால், குடிப்பழக்கத்தையும் வலி மாத்திரையையும் கேட்கும்போது ஜூஸையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெரியவர் ஐந்தாம் நாள் இட்லி சாப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது, கொடியை வேரோடு பிடுங்கிவிடுங்கள், அந்த விதையை மறுபடி போடாதீர்கள் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டே வந்த அவர் மனைவி, சட்டென்று நின்றுவிட்டார்.

"போன வருசம் எடுத்த விதைங்க அது. தை மாசம் நாலு வீட்டுக்கு முடிஞ்சு குடுத்தேனே."

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். இரண்டு வீட்டில் முளைக்கவே இல்லை. ஒரு வீட்டில் இப்போதுதான் பூ. நாலாவது வீட்டில் காய் பறித்து, அப்போதுதான் அரிந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, அடுப்புல போடாதீங்க. ஒரு துண்டு கிள்ளி நாக்குல வெச்சுப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.