மேஜர்: வயது வந்தவரா, உரிமை வந்தவரா?

வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாக வருகிறவர் எங்கள் மொரிஷியசில் வாசலில் நின்றபடியே கேட்பது, வீட்டில் எத்தனை பேர் மஜேர் என்பதுதான். பிரெஞ்சுச் சொல். தமிழ்க் குடும்பங்களிலும் அதே சொல்தான் புழங்குகிறது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவர்களுக்கு அதன் ஆங்கில உருவமும் தெரியும்: "பொண்ணு மேஜர் சார், அவ இஷ்டம்" என்று காவல் நிலையத்தில் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். இதையே தமிழில் எழுது என்றால்தான் பேனா நின்றுவிடுகிறது.

பொருள் எளியது. தன் காரியத்துக்குத் தானே பொறுப்பு என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும் வயதை எட்டியவர் மேஜர், எட்டாதவர் மைனர். மைனருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். மேஜருக்காக யாரும் போட முடியாது. (மைனர் என்ற சொல் தமிழ்நாட்டில் தனி வாழ்க்கை வாழ்ந்தது. சொத்து இன்னும் கைக்கு வராத ஜமீன் வாரிசைக் குறித்த சொல், பட்டுச் சட்டையும் கழுத்துச் சங்கிலியுமாகத் திரியும் உல்லாசப் பேர்வழிக்குப் பெயராகி, கடைசியில் அந்தச் சங்கிலிக்கே 'மைனர் செயின்' என்று பெயர் வந்துவிட்டது.)

வேர் இலத்தீன் 'மாயோர்'. பெரியவர், மூத்தவர் என்று ஒப்பிட்டுச் சொல்லும் சொல். படையில் இருக்கும் மேஜரும் நகராட்சியில் இருக்கும் மேயரும் இதே வேரில் கிளைத்தவர்கள். 'மினோர்' என்றால் இளையவர். இந்த இரண்டு சொற்களையும் வயதுக் கணக்கோடு கட்டிவைத்தது ரோமானியச் சட்டம், அதன் எல்லைக்கோடு 25.

இந்த 25தான் அண்மையில் மறுபடி பேச்சில் அடிபட்டது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து போனவர்களின் மகன் விவேக் ராமசாமி, 2023 மே மாதம் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தபோது, வாக்களிக்கும் வயதை 18இலிருந்து 25க்கு உயர்த்த வேண்டும் என்றார். படையிலோ அவசர மீட்புப் பணியிலோ சேர்ந்து உழைத்தவர்களுக்கும், குடியுரிமை கேட்கும் வெளிநாட்டவர் எழுதுகிற குடிமைத் தேர்வில் தேறியவர்களுக்கும் 18 போதும், மற்றவர்கள் காத்திருக்கட்டும் என்பது அவர் யோசனை. 1971இல் வந்த 26ஆவது திருத்தம் 18ஐ அரசியல் சட்டத்திலேயே பதித்துவிட்டதால், அதை மாற்ற இன்னொரு திருத்தம் வேண்டும். அதற்கு 50இல் 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். யோசனை பேச்சளவிலேயே நின்றது.

அவர் தரப்பினர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை முதிர்ச்சி. 18 வயதில் முதிர்ச்சி இல்லை என்பதுதான் வாதம். ஆனால் மேஜர் என்ற சொல்லுக்குள் முதிர்ச்சி எப்போது இருந்தது? ரோமில் ஒருவன் 14 வயது வாக்கில் பாதுகாவலர் கையிலிருந்து விடுபட்டான். அதற்குப் பிறகு, பணக்கார இளைஞர்களை வளைத்துப்போட்டுக் கடன் பத்திரம் எழுதி வாங்கும் ஆட்கள் பெருகியதால், 25க்கு உட்பட்டவன் செய்த ஒப்பந்தம் அவனை ஏமாற்றிச் செய்ததாக இருந்தால் செல்லாது என்று வழி செய்தார்கள். ஆக 25 என்பது கந்துவட்டிக்காரனிடமிருந்து பிள்ளையைக் காக்கப் போட்ட வேலி. அந்த ரோமிலேயே 17 வயதானவன் படையில் சேர்ந்தான், படைப்பிரிவு வாரியாகக் கூடும் மக்கள் மன்றத்தில் வாக்கும் அளித்தான். ஈட்டி பிடிக்கிறவனுக்கு வாக்கு உண்டு, நிலம் விற்கிறவனுக்குக் காவல் உண்டு. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

பிற்காலத்தில்தான் கோடுகள் இடம் மாறின. புரட்சிக்கு முன் பிரான்சின் பெரும்பகுதியில் மேஜர் வயது 25. 1792இல் 21 ஆயிற்று. ஆங்கிலேயர் மரபிலும் 21. கவசமும் ஆயுதமும் தாங்கிப் போர் செய்ய உடல் தயாராகும் வயது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் 18. இத்தாலியில் மட்டும் நாடாளுமன்றத்தின் மேலவைக்கு வாக்களிக்க 25 ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2021 வரை இருந்தது. இந்தியாவில் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18இல் மேஜர், ஆனால் வாக்குக்கு 1989 வரை 21. தென்னாப்பிரிக்காவில் நேர்மாறு: 1994இல் 18 வயதில் வாக்களித்தவர், 2007 வரை சட்டப்படி 21இல்தான் மேஜர்.

எங்கள் தீவின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 1948க்கு முன் வாக்கு என்பது சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கு. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவருக்கு 50 வயதானாலும் அந்த வகையில் அவர் மைனர்தான். புதிய விதி, தீவில் வழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியங்களை எழுதவும் படிக்கவும் தெரிந்த வயது வந்தவர்களுக்கு வாக்கு என்றது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. தமிழில் நாலு வரி எழுதத் தெரிந்தால் வாக்காளர்! சமூகத் தொண்டர் பஸ்தேவ் பிசுந்தயாலின் ஆட்கள் ஊர் ஊராகப் பாடம் நடத்தித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியில் எழுத வைத்தார்கள். வாக்காளர் எண்ணிக்கை சுமார் 12,000லிருந்து 72,000 வாக்கில் ஏறியது. அந்தத் தேர்வும் நீங்கி, 21 வயதான எல்லோருக்கும் வாக்கு என்று ஆனது 1959 தேர்தலில்.

குடிமைத் தேர்வு எழுதினால் 18இலேயே வாக்கு என்ற யோசனையைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பழைய எழுத்துத் தேர்வுதான். ஒன்றில் தேர்வு கதவைத் திறந்தது, மற்றதில் திறந்திருக்கும் கதவை மூடிவிட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வழி விடுகிறார்கள். இன்னொன்று: மொழித் தேர்வு இங்கே முழுதாகப் போய்விடவில்லை. சட்டமன்றத்துக்குப் போட்டியிடுகிறவருக்கு அவை நடவடிக்கையில் பங்கெடுக்கும் அளவுக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும் என்று அரசியல் சட்டம் இன்றும் சொல்கிறது. தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்றால், வாக்கு கேட்டு வருகிறவருக்கு வைப்பதில் நியாயமாவது உண்டு.

21 எப்படி 18 ஆனது? 1975 மே 20 அன்று பள்ளி மாணவர்கள் தலைநகரை நோக்கிக் கூட்டமாக நடந்தார்கள். போர்ட் லூயிசின் நுழைவாயிலில் உள்ள கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் பாலத்தில் போலீஸ் அவர்களைத் தடுத்தது. அவர்கள் கேட்டது முக்கியமாகப் பள்ளிகளில் சமத்துவமும் கல்விச் சீர்திருத்தமும். அரசு இறங்கிவந்தது. இடைநிலைக் கல்வி 1977இலிருந்து இலவசம் ஆனது, அதற்கு முன்பே வாக்கு வயது 18 ஆகிவிட்டது. 1976 டிசம்பர் தேர்தலில் அந்த இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். 70 இடங்களில் 34ஐ அன்றைய இளைஞர் கட்சியான எம்எம்எம் (மொரிஷியஸ் போராளி இயக்கம்) பிடித்தது. வயதைக் குறைத்த பிரதமர் சிவசாகர் ராம்குலாம் கூட்டணி சேர்த்துத்தான் ஆட்சியைத் தக்கவைத்தார். பக்கத்துத் தீவு ரீயூனியனில், பிரான்சோடு சேர்ந்து, 1974இலேயே 18.

சரி, தமிழுக்கு வருவோம். 'வயது வந்தோர்' என்பது பரவலான வழக்கு. 'வயது வந்தோர் வாக்குரிமை' பாடநூல்களில் நிலைத்த தொடர். ஆனால் பேச்சில் 'வயதுக்கு வந்தாள்' என்றால் பூப்பெய்தினாள் என்று அர்த்தம். 'பெரிய மனுஷி ஆயிட்டா' என்றாலும் அதுதான். பருவம் எய்துவது வேறு, சட்ட வயது வேறு என்று ரோமானியர் இரண்டாகப் பிரித்ததை நாம் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறோம். 13 வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் 'வயது வந்தோர் வாக்குரிமை' என்று எழுதிப் பாருங்கள், பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும்.

இலங்கைச் சட்டத் தமிழில் 'பராயமடைந்தவர்'. 'இளம்பிராயம்' என்பதில் வரும் பிராயத்தின் உடன்பிறப்பு, வடசொல். அங்கே பழக்கத்தில் ஊறிய சொல், இங்கே யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டுச் சட்டத் தமிழில் மேஜருக்கு 'உரிமை வயதினர்', மைனருக்கு 'இளவர்' என்று எழுதுவதுண்டு. என் ஓட்டு இதற்குத்தான். எந்த வயதில் உரிமை கிடைக்கிறதோ அந்த வயது. உடலைப் பற்றியோ அறிவைப் பற்றியோ பேச்சே இல்லை. 'முதிர்ந்தோர்', 'முதிர்ச்சி வயது' என்று எழுதுவதைத் தவிர்த்துவிடலாம். வயதை உயர்த்தச் சொல்பவரின் முடிவு அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது.

முதிர்ச்சியை அளக்கும் மரபு தமிழில் இல்லாமல் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, வாரியத்துக்குத் தேர்வாகிறவர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், நிலமும் படிப்பும் வேண்டும், கணக்குக் காட்டாதவராக இருக்கக் கூடாது. நிபந்தனை எல்லாம் பதவிக்கு வருகிறவருக்கு. குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பது மட்டும் விவரம் அறியாத ஒரு சிறு பையன்! கரிகாலன் கதையிலும் சந்தேகம் ஆட்சி செய்பவனின் இளமை மேல்தான். இவன் சின்னப் பையன், என்ன தீர்ப்புச் சொல்லப் போகிறான் என்று கிழவர்கள் தயங்க, நரைமுடி சூடிவந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான் என்பார்கள். தீர்ப்பு சரியாக இருந்தது, முடிதான் பொய்.

எழுதும்போது எனக்குச் சரியாகப் படுவது இப்படி: மேஜர் வயதுக்கு 'உரிமை வயது', வாக்களிக்கும் வயதைத் தனியே சொல்ல 'வாக்குரிமை வயது', மைனருக்கு 'இளவர்'. விண்ணப்பப் படிவத்திலும் தேர்தல் துண்டறிக்கையிலும் இவை எதுவும் வேண்டாம். '18 வயது நிரம்பியவர்' என்று அச்சிட்டால் எல்லோருக்கும் புரியும். '18 வயதானவர்' என்று மட்டும் போடக் கூடாது, ஏனென்றால் 17 முடிந்து 18 நடக்கிற பிள்ளையையும் நம் பாட்டிமார் 18 வயது என்றுதான் சொல்வார்கள்.