வெளிநாட்டுச் சந்தை: கையெழுத்துப் போடும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

வேறு நாடுகளில் வியாபாரம் தொடங்க நினைக்கும் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த நாட்டில் சந்தை பெரிது? அங்கே நம் பொருளை யார் விற்றுத் தருவார்கள்? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்றை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அங்கே போய்ச் சரிப்பட்டு வரவில்லை என்றால், எத்தனை மாதத்தில், எவ்வளவு செலவில் வெளியே வர முடியும்?

நான் இதைக் கேட்டால் அபசகுனம் மாதிரிப் பார்க்கிறார்கள். "கிளம்பும்போதே திரும்பி வருகிற பேச்சு எதற்கு?" என்பார்கள். பணமும் ஆளும் ஏராளமாக வைத்திருந்த நிறுவனங்களே திரும்பி வந்திருக்கின்றன என்பதுதான் என் பதில். வால்மார்ட் 1997-ல் ஜெர்மனிக்குள் நுழைந்தது. 2006-ல் அங்கிருந்த 85 கடைகளையும் மெட்ரோ குழுமத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013-ல் கனடாவில் கடை திறந்தது. 2015 ஜனவரியில், 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது.

டார்கெட்டின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது ஒன்றிரண்டு கடைகளோடு தொடங்கிப் பழகிப் பார்க்கவில்லை. ஜெல்லர்ஸ் என்ற கனடியக் கடைத் தொடரின் குத்தகைகளை மொத்தமாக வாங்கிவிட்டது. அத்தனை இடங்களையும் சும்மா பூட்டி வைத்திருக்க முடியாது, திறந்தே ஆக வேண்டும். அதனால் முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் அதிகமான கடைகள் திறக்கப்பட்டன. புதிதாகப் போட்ட கணினி அமைப்பில் பொருள்களின் அளவு, எண்ணிக்கை போன்ற விவரங்கள் தப்பும் தவறுமாக ஏறியிருந்தன. கிடங்கில் சரக்கு குவிந்து கிடந்தது, கடையில் அலமாரிகள் காலியாக இருந்தன. பத்துக் கடைகளில் இந்தக் கோளாறு வந்திருந்தால் சரிசெய்துகொண்டு மேலே போயிருக்கலாம். திரும்ப முடியாத அளவுக்குப் பணத்தை முதலிலேயே போட்டுவிட்டதால், கற்றுக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை.

சரி, நம்மில் யாரும் நூறு கடை திறக்கப்போவதில்லை. நடுத்தர நிறுவனம் ஒன்று பெரும்பாலும், பொருளை வாங்கி அங்கே விற்கும் உள்ளூர் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவரை வைத்துத்தான் வெளிநாட்டில் நுழைகிறது. மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான். கண்காட்சியில் ஒருவர் அறிமுகமாகிறார். முதல் ஆர்டரே பெரிதாக வருகிறது. அந்த மகிழ்ச்சியில், "இந்த நாடு முழுவதற்கும் நீங்கள் மட்டுமே" என்று ஐந்தாண்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டுக்குக் குறைந்தது இவ்வளவு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் இருக்காது. போட்டி நிறுவனத்தின் பொருளை விற்கக் கூடாது என்பதும் இருக்காது. கடைசி வாடிக்கையாளர் யார், எங்கே விற்றது என்ற விவரத்தைத் தர வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்காது. இரண்டாம் ஆண்டு ஆர்டர் சுருங்குகிறது, மூன்றாம் ஆண்டு நின்றே போகிறது. வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றால், உரிமை முதல் ஆளிடம் இருக்கிறது. அவர் விற்கவும் மாட்டார், விடவும் மாட்டார்.

முழு நாட்டையும் ஒருவருக்கே கொடுப்பது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. புதிய பொருளை அறிமுகப்படுத்த அவரும் பணம் செலவழிக்கிறார், அதற்குப் பாதுகாப்புக் கேட்பது நியாயம். ஒரு பகுதிக்கு, ஓர் ஆண்டுக்குக் கொடுங்கள். குறைந்தபட்சக் கொள்முதலை எட்டினால் தானாக நீளட்டும். எட்டாவிட்டால், ஒப்பந்தம் தொடர்ந்தாலும் தனி உரிமை மட்டும் போய்விடட்டும். இந்தக் கடைசி ஷரத்து, உறவை முறிக்காமலே கதவைத் திறந்துவிடும்.

முறித்துக்கொள்வதும் நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. கமிஷனுக்கு வேலை பார்க்கும் ஏஜென்ட்டுகளைப் பாதுகாக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் 1986-லேயே பொது நெறிமுறை வந்துவிட்டது. ஒப்பந்தம் மூன்றாம் ஆண்டை எட்டிவிட்டால், ஏஜென்ட்டை நீக்கக் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். அதற்குமேல் இழப்பீடும் கொடுக்க வேண்டி வரலாம். தனி உரிமை பெற்ற டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கும் பெல்ஜியத்தில் 1961-லிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவில் 1964-ஆம் ஆண்டின் 75-ஆம் எண் சட்டம், தக்க காரணம் இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டரை நீக்க விடாது. இந்த மாதிரிச் சட்டங்களை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தள்ளிவிட முடியாது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் "இவரை நீக்க என்ன செலவாகும்?" என்று கேளுங்கள். பிரிந்த பிறகு கேட்பதைவிட அதற்கு ஆகும் கட்டணம் மிகக் குறைவு.

அடுத்தது பெயர். டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. இங்கே பதிவு செய்திருப்பது எல்லைக்கு அப்பால் செல்லாது. சீனா போன்ற நாடுகளில் யார் முதலில் விண்ணப்பிக்கிறாரோ அவருக்கே முன்னுரிமை. "பதிவு வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று டிஸ்ட்ரிபியூட்டர் அன்போடு சொல்லும்போது, யார் பெயரில் என்று கேட்க வேண்டும். சொந்த நாட்டில் முதல் விண்ணப்பம் போட்டு ஆறு மாதத்துக்குள், தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் விண்ணப்பித்தால், முதல் தேதியையே அங்கும் கோரலாம். மாட்ரிட் முறை என்ற சர்வதேச டிரேட்மார்க் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். வழி இருக்கிறது, செலவும் தாங்கக்கூடியதுதான். முதல் பெட்டி கப்பலேறும் முன் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

டிரேட்மார்க்கை விழிப்போடு பதிவு செய்கிறவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மருந்து, மருத்துவக் கருவி, அழகுசாதனம் போன்றவற்றை விற்கப் பல நாடுகளில் அரசுப் பதிவு தேவை. அந்தப் பதிவு பெரும்பாலும் உள்ளூர் இறக்குமதியாளர் பெயரில் எடுக்கப்படுகிறது. பதிவு யார் கையில் இருக்கிறதோ, சந்தையும் அவர் கையில். அவரை விட்டு விலகினால் முதலிலிருந்து விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், விற்பனையோடு சம்பந்தமில்லாத தனிப் பிரதிநிதி ஒருவரின் பெயரில் எடுங்கள். இடம் இல்லையென்றால், பிரியும்போது பதிவை மாற்றித் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது? "எங்கள் ஊர் நீதிமன்றம்" என்று எழுதிவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை எதிராளியின் நாட்டில் நிறைவேற்ற முடியாமல் போகலாம். நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தரும் தீர்ப்பு என்றால், 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதை அமல்படுத்தக் கோரலாம்.

பணம் வாங்கும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே. ஒரு தேதி மாறியிருந்தாலும் பணம் நிற்கலாம். சரக்கை ஒப்படைப்பது பற்றிய சர்வதேச வணிக விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-ன் 11 விதிகள் செலவும் ஆபத்தும் எந்த இடத்தில் கைமாறும் என்று சொல்கின்றன. சரக்கின் உரிமை எப்போது கைமாறும் என்பதை அவை சொல்வதில்லை, ஒப்பந்தத்தில் நீங்கள்தான் எழுத வேண்டும். பணம் வந்து சேரும்வரை உரிமை உங்களுடையது என்று எழுதும் முன், அந்த நாட்டுச் சட்டம் அதை ஏற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தாள் வேலை. இன்னொன்று அலுவலகத்துக்குள் நடக்க வேண்டியது. புது நாட்டுக்குப் போகும் முன்பே மூன்று எண்களை எழுதிக் கையெழுத்திடச் சொல்வேன். அதிகபட்சம் எவ்வளவு பணம், எந்தத் தேதி வரை, அதற்குள் மறு ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர். முதல் ஆர்டர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை அறிமுகத்தாலும் சலுகையாலும் வரும். அந்தத் தேதியில் தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்லும் பொறுப்பை, அந்தச் சந்தையை நடத்துகிறவரிடம் கொடுக்க வேண்டாம். இரண்டு ஆண்டு உழைப்பைப் போட்டவர் இன்னும் ஆறு மாதம்தான் கேட்பார், அது அவர் குற்றமில்லை. கணக்கைப் பார்க்கும் வேறொருவர், அந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு முடிவு சொல்லட்டும்.