கிருபையும் நியாயப்பிரமாணமும்: சொல் விளக்கம்

ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஆராதனை நடக்கிறது. தமிழர் ‘கிருபை’ என்பதைத் தெலுங்கர் ‘கிருப’ என்றும் கன்னடர் ‘கிருபெ’ என்றும் சொல்கிறார்கள். ‘கிருபா’ என்ற வடசொல்தான் மூன்றுக்கும் மூலம். இரக்கம், பரிவு என்று பொருள்.

பைபிளில் அதற்கு இணையாகப் பேசப்படும் ‘நியாயப்பிரமாணம்’, அதாவது மோசே வழியாகக் கடவுள் கொடுத்த சட்டம், தெலுங்கில் ‘தர்மசாஸ்திரம்’ ஆகிவிடுகிறது. எபிரேயத்தில் அது ‘தோரா’. போதனை, வழிகாட்டல் என்பதே அடிப்படைப் பொருள். நியாயப்பிரமாணம் என்றதும் நமக்குக் கோர்ட்டு நினைவு வந்து, போதனை என்ற பக்கம் மறைந்துபோகிறது.

கிருபை என்ற சொல்லுக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று முடியும். அங்கே மூலத்தில் இருப்பது ‘ஹெசெத்’, உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் காட்டும் அன்பு. ரோமர் நிருபத்தில் பவுல் எழுதுவதோ கிரேக்கக் ‘காரிஸ்’, தகுதி பாராமல் கொடுக்கும் கொடை. பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. 1995இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் முன்னதைப் ‘பேரன்பு’ என்றும் பின்னதை ‘அருள்’ என்றும் பிரித்து, நியாயப்பிரமாணத்தைத் ‘திருச்சட்டம்’ ஆக்கியது. எலத்தகிரிக் கத்தோலிக்கர் ஜெபமாலையில் ‘அருள் நிறைந்த மரியே’ என்பார்கள். முந்தைய தலைமுறை சொன்னது ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே’.

‘அருள்’தான் சரியான தமிழ் என்பேன். ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்கிறது குறள். தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பே இல்லாதவர்மேலும் செல்வது அருள் என்று உரைகள் பிரிக்கும். உரிமை கேட்க முடியாதவனுக்கும் கிடைக்கும் காரிஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

சரி, அப்படியானால் சட்டம் எதற்கு? 1895இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கிய அமெரிக்க மிசூரி லுத்தரன் மிஷனின் போதனைக்கு இந்தக் கேள்விதான் நடுநாயகம். சட்டம் பாவத்தைக் காட்டும், நற்செய்தி மன்னிப்பைத் தரும் என்பார்கள். கலாத்தியர் 3:24 சட்டத்தை ‘உபாத்தி’ என்கிறது. கிரேக்கத்தில் ‘பைதகோகோஸ்’. அவர் பாடம் நடத்தும் வாத்தியார் இல்லை. பையனைப் பள்ளிக்கூடம்வரை கூட்டிப்போய், தவறினால் கண்டிக்கும் வீட்டு அடிமை. பையன் ஆளானபின் அவருடைய அதிகாரம் முடிந்துவிடும்.

அதனால் இனி எப்படியும் வாழலாம் என்று சிலர் பேசும்போது மனது கஷ்டப்படுகிறது. பாவம் செய்யலாமா என்று தானே கேட்டு, ‘கூடாதே’ என்று பவுல் அடுத்த சொல்லிலேயே மறுக்கிறார். தெளிந்த புத்தியோடும் நீதியோடும் தேவபக்தியோடும் வாழ நமக்குப் போதிப்பதே கிருபைதான் என்கிறது தீத்து 2:12.