ஃபிரீசரில் இருக்கும் ஃபிடில்ஹெட் வெந்தது அல்ல

போன நவம்பரில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். நீரிழிவுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்கத்தான் வந்தவர். பேச்சு முதல் நாள் இரவுக்குப் போய்விட்டது. வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ரொட்டியும் பருப்பும் மட்டும் சாப்பிட்ட பேரனுக்கு ஒன்றுமில்லை. மற்ற மூவரும் கூடுதலாகச் சாப்பிட்டது ஒன்றே ஒன்று: மே மாதம் மகன் ஆற்றங்கரையில் பறித்து வந்து ஃபிரீசரில் போட்டிருந்த ஃபிடில்ஹெட் என்ற குருத்து. கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, வெங்காயத்தோடு ஐந்து நிமிடம் வதக்கியிருக்கிறார்.

"அவிச்சுத்தானே பிள்ளை வைச்சனாங்கள்?" என்றார்.

அவித்தது உண்மைதான். ஆனால் இரண்டு நிமிடம்.

ஃபிடில்ஹெட் என்பது தீக்கோழிப் பன்னம் எனப்படும் பன்னச்செடியின் (ஃபெர்ன்) விரியாத குருத்து. கனடாவின் கிழக்குப் பக்கம், குறிப்பாக நியூ பிரன்சுவிக்கில், பனி உருகியதும் ஆற்றோரங்களில் சுருண்டு எழும். சில வாரங்களில் விரிந்துவிடும் என்பதால் கிடைக்கும்போதே உறைய வைப்பது இங்கே வழக்கம். நம்மவர்களும் பழகிவிட்டார்கள். தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் பயற்றங்காய்க் கறி தோற்றுவிடும், அது வேறு கதை.

உறைய வைக்கும் முன் கொதிநீரில் போடுவது சமைப்பதற்காக அல்ல. உறைந்த மரக்கறிக்குள்ளும் நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். நிறமும் மணமும் கெட்டு, நார் தட்டும். இரண்டு நிமிடக் கொதி அந்த நொதிகளை நிறுத்துகிறது. ஃபிடில்ஹெட்டில் உள்ள, வயிற்றைக் கெடுக்கும் தொல்லைக்கு அது போதாது. கனடாவின் சுகாதாரத் துறை சொல்வது: சாப்பிடும் முன் கொதிநீரில் 15 நிமிடம், அல்லது ஆவியில் 10 முதல் 12 நிமிடம். அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், சூப்புக்கு எடுக்கக் கூடாது. வதக்குவதும் பொரிப்பதும் அதற்குப் பிறகுதான்.

1994 இல் நியூயார்க் மாநிலத்திலும் மேற்குக் கனடாவிலும் இதைச் சாப்பிட்டுப் பலர் நோயுற்றார்கள். நியூயார்க்கில் ஒரு உணவகம் இரண்டு நிமிடம் வதக்கிப் பரிமாறியது. அங்கே சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டது. இன்னொன்று 10 நிமிடம் அவித்து, பிறகு வதக்கியது. அங்கே தொல்லை இல்லை. பெரும்பாலும் அரை மணி முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் வயதானவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் உடம்பில் நீர் வற்றிவிட்டால் ஆபத்து. அந்த அம்மா வீட்டில் நடந்ததும் இதுதான் என்று எந்த ஆய்வுகூடமும் உறுதிப்படுத்தவில்லை. எனக்குப் பெரிய சந்தேகமும் இல்லை.

உறைய வைக்கும் முறை சிக்கலானதல்ல. காகிதம் போன்ற பழுப்புச் செதிலைக் கையால் தேய்த்து நீக்கி, குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றிப் பலமுறை கழுவுங்கள். இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறைய விட்டு, அப்புறம் பையில் காற்றில்லாமல் கட்டுங்கள். ஒரு வருடம் வரை இருக்கும். எடுக்கும்போது இளக விடத் தேவையில்லை. அப்படியே கொதிநீரில் போட்டு, மறுபடி கொதித்ததிலிருந்து 15 நிமிடத்தை எண்ணுங்கள். போத்தலில் அடைத்து வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

தவறு நடப்பது பை கட்டிய பிறகுதான். கொதிநீர் பட்ட குருத்து பளிச்சென்ற பச்சையாக, கொஞ்சம் மென்மையாக, வெந்ததுபோலவே இருக்கும். கட்டியவர் ஒருவர், ஆறு மாதம் கழித்துச் சமைப்பவர் இன்னொருவர்.

அந்த அம்மாவின் ஃபிரீசரில் இன்னும் இரண்டு பை இருந்தன. மகனிடம் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மயிரில்லாத வழவழப்பான தண்டு, அதன் உட்பக்கம் ஆங்கில 'யு' எழுத்துப்போல ஆழமான பள்ளம், சரியான இனந்தான். அந்தப் பள்ளம் தெரியாவிட்டால் எறியச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் பக்கத்திலேயே வளரும் வேறு பன்னங்களில் நச்சுள்ளவையும் உண்டு.

பையில் "வேகாதது" என்று எழுதி ஒட்டச் சொன்னேன். மருமகளுக்குத் தமிழ் வாசிக்க வராதாம். அதனால் அந்த அம்மா ஒரு பானையை வரைந்து, அதற்குள் பெரிதாக 15 என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.